நிகழ்தகவுப் புதிர்களை அவிழ்ப்பது எப்படி? எண்ணிப் பார்த்தே விடை காணும் முழுமையான வழிகாட்டி

நிகழ்தகவுக் கேள்விகளில் தடுமாறுகிறவர்களுக்குப் பெரும்பாலும் கணக்குத் தெரியாமல் இல்லை. கூட்டவும் பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும், இங்கே வரும் எல்லாப் புதிர்களையும் போட்டுவிடலாம். சிக்கல் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மொத்தம் எத்தனை பேர், அதில் நாம் கேட்பது யாரைப் பற்றி, கையில் இருக்கும் தகவல் எந்த வழியாக வந்தது என்பதையெல்லாம் தெளிவாக்கிக்கொள்ளாமலே பின்னங்களைப் பெருக்க ஆரம்பித்துவிடுகிறோம். அதனால் இந்த வழிகாட்டியில் சூத்திரங்களைக் குறைத்துக்கொண்டு, ஆட்களையும் ஆட்டங்களையும் நேரடியாக எண்ணும் முறையைச் சொல்கிறேன். காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு கூடவே போட்டுப் பாருங்கள். வெறுமனே வாசித்துப் போனால் இது பிடிபடாது.

படி 1: சதவீதத்தை ஆட்களாக மாற்றுங்கள்

ஒரு நோய் நூறு பேரில் ஒருவருக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைக் கண்டுபிடிக்க ஒரு பரிசோதனை உண்டு. நோய் உள்ளவர்களில் 90 சதவீதம் பேருக்கு அது சரியாக ‘உண்டு’ என்று காட்டும். நோய் இல்லாதவர்களிலும் 9 சதவீதம் பேருக்குத் தவறாக ‘உண்டு’ என்று காட்டிவிடும். அறிகுறி எதுவும் இல்லாத ஒருவர் பரிசோதனை செய்துகொள்கிறார். ‘உண்டு’ என்று முடிவு வருகிறது. அவருக்கு நிஜமாகவே நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு?

பலர் உடனே 90 சதவீதம் என்பார்கள். சரி, 10,000 பேரை எடுத்துக்கொண்டு எண்ணுவோம். நோய் உள்ளவர்கள் 100 பேர். அவர்களில் 90 பேருக்கு ‘உண்டு’ என்று வரும். மீதி 9,900 பேருக்கு நோய் இல்லை. ஆனால் அவர்களில் 9 சதவீதம், அதாவது 891 பேருக்கும் ‘உண்டு’ என்றே வரும். ஆக ‘உண்டு’ என்ற காகிதத்தோடு வெளியே வருகிறவர்கள் 981 பேர். உண்மையில் நோய் உள்ளவர்கள் அதில் 90 பேர்தான். விடை 9 சதவீதத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

90 சதவீதம் என்று சொன்னவர் எங்கே தவறினார்? நோய் உள்ள 100 பேரை மொத்தமாக வைத்து அவர் விடை சொன்னார். கேள்வியோ ‘உண்டு’ என்று வந்த 981 பேரைப் பற்றியது. பின்னத்தின் மேலே இருக்கும் 90 மாறவில்லை, கீழே இருக்கும் எண்தான் மாறிவிட்டது. நிபந்தனையோடு வரும் எந்தப் புதிரிலும் முதலில் இந்தக் கீழ் எண்ணைத்தான் தேட வேண்டும்.

இதே பரிசோதனையை, தீவிரமான அறிகுறிகளோடு வந்தவர்களுக்கு மட்டும் செய்வதாக வைத்துப் பாருங்கள். அப்படி வருகிறவர்களில் 30 சதவீதம் பேருக்கு நோய் இருக்கிறது என்று கொள்வோம். 10,000 பேரில் 3,000 பேருக்கு நோய். அவர்களில் 2,700 பேருக்கு ‘உண்டு’ என்று வரும். நோயில்லாத 7,000 பேரில் 630 பேருக்குத் தவறாக வரும். இப்போது 3,330 பேரில் 2,700 பேர், அதாவது 81 சதவீதம். கருவி அதேதான், அதன் துல்லியமும் அதேதான். ஆனாலும் விடை 9-லிருந்து 81-க்குத் தாவிவிட்டது. பரிசோதனைக்கு வருகிறவர்கள் யார் என்பதற்கு அவ்வளவு எடை இருக்கிறது. ஒரு முடிவைக் கையில் வாங்கிக்கொண்டு பயந்து நிற்கிறவருக்கு இந்த ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினால் எவ்வளவோ நிம்மதி கிடைக்கும். அடுத்து மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும்.

இதற்கு அடியில் இருப்பது ஆங்கிலேயப் பாதிரியார் தாமஸ் பேயஸின் தேற்றம். அவர் 1761-இல் காலமானார். அவருடைய கட்டுரையை நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் 1763-இல் வெளியிட்டார். அந்தத் தேற்றத்தின் சூத்திரம் மனதில் நிற்காவிட்டாலும் பரவாயில்லை. சதவீதங்களாகச் சொன்னால் மருத்துவர்களே குழம்பும் இதே கேள்வியை ‘இத்தனை பேரில் இத்தனை பேர்’ என்று சொன்னால் சரியாக விடை சொல்கிறவர்கள் கணிசமாகக் கூடுகிறார்கள். ஜெர்மன் உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர் இதைப் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்.

படி 2: பட்டியலில் உள்ளவை சம வாய்ப்பு உள்ளவைதானா?

ஒரு நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு தடவையாவது தலை விழ எவ்வளவு வாய்ப்பு? பிரெஞ்சுக் கணித மேதை தாலம்பேர் 1754-இல் கலைக்களஞ்சியக் கட்டுரை ஒன்றில் இதற்கு மூன்றில் இரண்டு என்று வாதிட்டார். முதல் சுண்டிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது. இல்லையென்றால் பூ-தலை, அல்லது பூ-பூ. மொத்தம் மூன்று முடிவுகள், அதில் இரண்டு சாதகம் என்பது அவர் கணக்கு.

மூன்று முடிவுகள் என்பது சரிதான். ஆனால் மூன்றும் ஒரே எடை கொண்டவை அல்ல. முதல் சுண்டில் தலை விழுவது பாதி வாய்ப்பு, மற்ற இரண்டும் ஆளுக்குக் கால். சாதகமான இரண்டை மட்டும் கூட்டினால் முக்கால் வருகிறது. அவ்வளவு பெரிய அறிஞரே சறுக்கிய இடம் என்பதால் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பட்டியல் போட்டதும் வகுக்கப் போய்விடாமல், ஒவ்வொரு வரியும் மற்ற வரிகளைப் போலவே அடிக்கடி நடக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் பட்டியலை இன்னும் நுணுக்கமாகப் பிரியுங்கள். இரண்டாவது சுண்டையும் சேர்த்து தலை-தலை, தலை-பூ, பூ-தலை, பூ-பூ என்று எழுதினால் நான்கும் சமமாகிவிடும்.

படி 3: ‘குறைந்தது ஒன்று’ என்று வந்தால் திருப்பிப் போடுங்கள்

ஒரு முறையாவது, யாராவது ஒருவர், ஏதாவது ஒன்று என்ற சொற்களைப் பார்த்ததும், ‘ஒன்றுகூட இல்லாமல் போக எவ்வளவு வாய்ப்பு’ என்று கணக்கிட்டு ஒன்றிலிருந்து கழியுங்கள்.

ஒரு பகடையை நான்கு முறை உருட்டினால் ஒரு முறையாவது ஆறு விழ எவ்வளவு வாய்ப்பு? ஒவ்வொரு முறையும் ஆறு விழாமல் போக வாய்ப்பு 5/6. நான்கு முறை பெருக்கினால் 625/1296. ஒன்றிலிருந்து கழித்தால் 671/1296, சுமார் 51.8 சதவீதம். இரண்டு பகடைகளைச் சேர்த்து 24 முறை உருட்டி ஒரு முறையாவது இரட்டை ஆறு விழ எவ்வளவு வாய்ப்பு என்று கேட்டால் விடை 49.1 சதவீதம்தான். ஒன்று பாதிக்கு மேல், மற்றது பாதிக்குக் கீழ். மேரே என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் சூதாட்டக் கேள்விகள் கணித மேதை பாஸ்கலிடம் போய், 1654-இல் பாஸ்கலும் இன்னொரு கணித மேதையான ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்துதான் நிகழ்தகவுக் கணிதமே முறையாகக் கிளம்பியது.

பிறந்தநாள் புதிரும் இதே வகைதான். ஒரு அறையில் 23 பேர் இருந்தால் அவர்களில் யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்க வாய்ப்பு பாதிக்கும் மேல், 50.7 சதவீதம். இதை நம்ப மறுக்கிறவர்கள் தங்களை அறியாமல் வேறொரு கேள்விக்கு விடை தேடுகிறார்கள்: ‘என் பிறந்தநாள் இங்கே வேறு யாருக்காவது இருக்குமா?’ மற்ற 22 பேரில் அதற்கான வாய்ப்பு 6 சதவீதம்கூட இல்லை. ஆனால் ‘யாராவது இருவர்’ என்றால் எண்ண வேண்டியது ஆட்களை அல்ல, ஜோடிகளை. 23 பேரில் 23 × 22 ÷ 2 = 253 ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியும் ஒரு சீட்டு எடுத்துப் பார்ப்பது போல. உங்கள் பிறந்தநாளே இன்னொருவருக்கும் இருக்கப் பாதி வாய்ப்பு வேண்டுமானால் அதே 253 என்ற எண் திரும்ப வருகிறது, இந்த முறை உங்களைத் தவிர 253 ஆட்களாக.

எங்கேயோ நடந்த வியப்பான தற்செயலைக் கேட்கும்போதெல்லாம் ஜோடிகளை எண்ணிப் பார்க்கும் பழக்கம் கைகொடுக்கும். ஆயிரத்தில் ஒரு முறை நடக்கக்கூடியதை ஆயிரம் முறை முயன்றால், ஒரு தடவையாவது நடந்துவிட 63 சதவீத வாய்ப்பு இருக்கிறது.

படி 4: பெருக்கும் முன் ஒரு கேள்வி

மேலே 5/6-ஐ நான்கு முறை பெருக்கினோம். அதைச் செய்ய நமக்கு உரிமை உண்டு, ஏனென்றால் முந்தைய உருட்டலில் என்ன விழுந்தது என்பது பகடைக்குத் தெரியாது. 1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ சூதாட்ட விடுதியின் ரூலெட் சக்கரத்தில் (பந்து கறுப்பில் விழுமா சிவப்பில் விழுமா என்று பந்தயம் கட்டும் ஆட்டம்) கறுப்பு 26 முறை தொடர்ந்து விழுந்தது. ‘இனிமேல் சிவப்புதான்’ என்று பணத்தைக் கொட்டியவர்கள் எல்லாம் இழந்தார்கள். சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது.

ஒன்றோடொன்று தொடர்புள்ள விஷயங்களைத் தொடர்பற்றவை என்று எண்ணிப் பெருக்கினால் என்ன ஆகும் என்பதற்கு மனதைப் பிசையும் உதாரணம் ஒன்று உண்டு. பிரிட்டனில் சாலி கிளார்க் என்ற வழக்கறிஞரின் இரண்டு கைக்குழந்தைகளும் அடுத்தடுத்து இறந்தன. கொலை என்று வழக்கு. அதில் சாட்சி சொன்ன குழந்தை மருத்துவர், அப்படிப்பட்ட குடும்பத்தில் ஒரு குழந்தை காரணமின்றி திடீரென இறப்பது 8,543-இல் ஒன்று, இரண்டு குழந்தைகள் என்றால் அதை அதோடு பெருக்கி ஏறத்தாழ 7.3 கோடியில் ஒன்று என்றார். 1999-இல் அந்தத் தாய்க்கு ஆயுள் தண்டனை.

இந்தக் கணக்கில் இரண்டு பிழைகள். ஒரே பெற்றோர், ஒரே மரபணு, ஒரே வீடு. முதல் குழந்தைக்கு நேர்ந்ததற்கு ஏதாவது காரணம் இருந்தால் அது இரண்டாவது குழந்தையையும் தொடரலாம்; ஆகவே பெருக்கியதே தவறு. இரண்டாவது பிழை இன்னும் ஆழமானது. ஒரு தாய் தன் இரண்டு குழந்தைகளையும் கொல்வதும் மிக மிக அரிது. இரண்டு குழந்தைகளும் இறந்துவிட்டன என்பது ஏற்கெனவே நடந்து முடிந்த உண்மை. அப்படி இறந்த குடும்பங்களை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றில் எத்தனை இயற்கை மரணம், எத்தனை கொலை என்று ஒப்பிட்டிருக்க வேண்டும். முதல் படியில் பார்த்த அதே கீழ் எண் சிக்கல்தான் இது. பிரிட்டனின் அரசப் புள்ளியியல் கழகம் 2001-இல் இந்தக் கணக்கைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டது. 2003-இல் இரண்டாவது மேல்முறையீட்டில், அதுவரை வெளியே வராத மருத்துவப் பரிசோதனை முடிவு ஒன்று முக்கியக் காரணமாகி அவர் விடுதலையானார்.

படி 5: தகவல் எப்படி வந்தது?

என்னைக் கேட்டால், எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம். அதிகம் தவறவிடப்படுவதும் இதுதான்.

மூன்று கதவுகள். ஒன்றின் பின்னால் கார். நீங்கள் ஒரு கதவைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். கார் எங்கே என்று தெரிந்த தொகுப்பாளர், மற்ற இரண்டில் கார் இல்லாத ஒரு கதவைத் திறந்து காட்டிவிட்டு, ‘மாற்றிக்கொள்கிறீர்களா?’ என்று கேட்கிறார். மாற்றலாமா? புள்ளியியலாளர் ஸ்டீவ் செல்வின் 1975-இல் எழுப்பிய இந்தப் புதிருக்கு, 1990-இல் மெரிலின் வோஸ் சாவன்ட் தன் பத்திரிகைப் பத்தியில் ‘மாற்றுங்கள்’ என்று சரியாக விடை எழுதினார். அவரைத் திட்டி ஆயிரக்கணக்கில் கடிதங்கள் குவிந்தன, முனைவர் பட்டம் பெற்றவர்களிடமிருந்தும்.

இதை 300 ஆட்டங்களாக எண்ணுவோம். முதலில் தொட்ட கதவிலேயே கார் இருப்பது 100 ஆட்டங்களில். மீதி 200 ஆட்டங்களில் கார் வேறு கதவில். தொகுப்பாளர் எப்போதும் வெறும் கதவையே திறப்பதால் 300 ஆட்டங்களும் இரண்டாவது கட்டத்துக்கு வந்துசேரும். மாற்றாதவர் 100-இல் வெல்வார், மாற்றுகிறவர் 200-இல் வெல்வார். வாய்ப்பு இரட்டிப்பு.

இப்போது ஒன்றை மட்டும் மாற்றுவோம். தொகுப்பாளருக்கும் கார் எங்கே என்று தெரியாது. மற்ற இரண்டில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு திறக்கிறார், அது வெறுமையாக இருக்கிறது. முதல் 100 ஆட்டங்களில் எதைத் திறந்தாலும் வெறுமைதான். அடுத்த 200 ஆட்டங்களில் பாதியில் காரே வெளிப்பட்டு ஆட்டம் கெட்டுவிடும், 100 மட்டுமே தேறும். தேறிய 200 ஆட்டங்களில் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் ஆளுக்கு 100. கண்ணெதிரே தெரியும் காட்சி இரண்டிலும் அச்சு அசல் ஒன்றுதான்: ஒரு கதவு திறந்திருக்கிறது, உள்ளே எதுவும் இல்லை. இருந்தும் ஒன்றில் விடை மூன்றில் இரண்டு, மற்றதில் பாதி. கதவைத் திறந்தவருக்கு என்ன தெரியும் என்பதையும் சேர்த்து எண்ணினால்தான் விடை கிடைக்கும். ‘பாதிக்குப் பாதி’ என்று சண்டை போட்டவர்களில் பலர் இந்த இரண்டாவது ஆட்டத்தைத்தான் மனதில் வைத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

கணிதப் புதிர் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் 1959-இல் பிரபலமாக்கிய இரண்டு குழந்தைகள் புதிரும் இதே பாடத்தைச் சொல்கிறது. ஒரு வீட்டில் இரண்டு குழந்தைகள், ஒருவராவது ஆண். இருவரும் ஆணாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? 400 குடும்பங்களை எடுங்கள். ஆண்-ஆண், ஆண்-பெண், பெண்-ஆண், பெண்-பெண், ஒவ்வொன்றிலும் 100. ‘ஒரு மகனாவது இருக்கிறானா?’ என்று கேட்டு ‘ஆம்’ என்றவர்களைச் சேர்த்தால் 300 குடும்பங்கள். இரண்டும் ஆண் 100. விடை மூன்றில் ஒன்று. அப்படிக் கேட்காமல், வீட்டிலிருந்து தற்செயலாக வெளியே வந்த ஒரு பிள்ளையைப் பார்த்து ஆண் என்று தெரிந்துகொண்டிருந்தால்? ஆண்-ஆண் குடும்பங்கள் 100-லும் ஆண் பிள்ளைதான் வரும். கலந்த 200 குடும்பங்களில் பாதியில், அதாவது 100-இல் மட்டும் ஆண் வருவான். இப்போது 200-இல் 100, விடை பாதி. இரண்டு விடைகளும் சரி. புதிர் எந்த வழியைச் சொல்கிறது என்பதுதான் கேள்வி. அது சொல்லவே இல்லை என்றால் விடை சொல்லாமல் திருப்பிக் கேளுங்கள்.

படி 6: நாம் எண்ணும் கூட்டத்தில் யார் வந்து மாட்டுகிறார்கள்?

பேருந்து சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒன்று வருகிறது. நீங்கள் ஏதோ ஒரு நேரத்தில் நிறுத்தத்துக்குப் போகிறீர்கள். சராசரியாக ஐந்து நிமிடம் காத்திருந்தால் போதும் என்று தோன்றும். ஆனால் பேருந்துகள் 5 நிமிட இடைவெளியிலும் 15 நிமிட இடைவெளியிலும் மாறி மாறி வந்தால்? இடைவெளியின் சராசரி பத்துதான். ஆனால் 20 நிமிடத்தில் 15 நிமிடம் நீண்ட இடைவெளிக்கே சொந்தம். ஆகவே நான்கில் மூன்று தடவை நீங்கள் அதில்தான் மாட்டுவீர்கள். அப்போது சராசரிக் காத்திருப்பு 7.5 நிமிடம், குறுகிய இடைவெளியில் 2.5 நிமிடம். சேர்த்துப் பார்த்தால் 6.25 நிமிடம். உங்கள் அதிர்ஷ்டத்தை நொந்துகொள்ள வேண்டியதில்லை. பெரிய இடைவெளி அதிகம் பேரை விழுங்குகிறது, அவ்வளவுதான்.

பள்ளியில் ஒரு வகுப்பில் 10 பேர், இன்னொன்றில் 90 பேர். நிர்வாகம் சராசரி 50 என்று சொல்லும். ஒவ்வொரு மாணவரிடமும் ‘உன் வகுப்பில் எத்தனை பேர்?’ என்று கேட்டால் சராசரி 82 வரும். யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் வகுப்புகளை எண்ணுகிறார், மற்றவர் மாணவர்களை எண்ணுகிறார்.

படி 7: தரவு குறைவாக இருந்தால்

இணையத்தில் ஒரே பொருளை இரண்டு பேர் விற்கிறார்கள். ஒருவருக்கு 5 மதிப்புரைகள், ஐந்தும் நல்லவை. மற்றவருக்கு 100, அதில் 93 நல்லவை. யாரிடம் வாங்கலாம்? பிரெஞ்சுக் கணித மேதை லாப்லாஸ் கொடுத்த எளிய விதி ஒன்று இருக்கிறது. ஒரு நல்ல மதிப்புரையையும் ஒரு மோசமான மதிப்புரையையும் கற்பனையாகச் சேர்த்துக்கொண்டு கணக்கிடுங்கள். முதல் ஆளுக்கு 7-இல் 6, சுமார் 86 சதவீதம். இரண்டாவது ஆளுக்கு 102-இல் 94, சுமார் 92 சதவீதம். மதிப்புரைகள் எல்லாம் நேர்மையானவை என்று வைத்துக்கொண்டால் இரண்டாவது ஆளே மேல்.

இதன் உறவுக்காரர் ‘மூன்றின் விதி’. 300 முறை செய்தும் ஒரு கோளாறுகூட வரவில்லை என்றால், கோளாறே வராது என்று அர்த்தமில்லை. மூன்றை முயற்சிகளின் எண்ணிக்கையால் வகுங்கள்: 3/300. கோளாறு விகிதம் ஒரு சதவீதம் வரை இருக்கலாம் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம்.

படி 8: விளையாடிச் சரிபாருங்கள்

கணக்குப் போட்ட பிறகும் மனம் ஒப்பவில்லையா? மாபெரும் கணித மேதை பால் ஏர்டோஷுக்கே மூன்று கதவுப் புதிரின் விடை ஒப்பவில்லை. நண்பர் ஒருவர் கணினியில் பலமுறை ஆட்டத்தை ஓட்டிக் காட்டிய பிறகே ஏற்றுக்கொண்டார். உங்களிடம் மூன்று சீட்டுகளும் உதவிக்கு ஓர் ஆளும் இருந்தால் போதும். உதவியாளர் சீட்டுகளைப் பார்த்து வைக்கட்டும், நீங்கள் ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள், முடிவைக் குறித்துக்கொண்டே வாருங்கள்.

எத்தனை முறை ஆடுவது? ஒன்றை முயற்சிகளின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது தோராயமான பிழை வரம்பு. 100 ஆட்டம் என்றால் கூடவோ குறையவோ 10 சதவீதம், 10,000 ஆட்டம் என்றால் 1 சதவீதம். பாதியையும் மூன்றில் இரண்டையும் பிரித்தறிய 100 ஆட்டம் பொதுவாகப் போதும், ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடலாம். ஆனால் 24 உருட்டல்களில் இரட்டை ஆறு விழும் வாய்ப்பு பாதிக்குக் கீழ்தான் என்று கையால் உருட்டி நிறுவ வேண்டுமென்றால், 49.1-க்கும் 50-க்கும் உள்ள அந்தச் சின்ன வித்தியாசத்துக்காக 24 உருட்டல் கொண்ட ஆட்டங்கள் ஏறத்தாழ 13,000 தேவைப்படும். அதற்குக் கணினியை ஓட்டுங்கள், இல்லையென்றால் 35/36-ஐ 24 முறை பெருக்கிவிடுங்கள்.